கரண்ட் போய் வந்த பிறகு சேர்வர் எழும்பாட்டி என்ன செய்யிற: ஃபைல் சிஸ்டம் செக், ரிப்பேர் பத்தி அடிக்கடி கேக்கிற கேள்விகள்

மட்டக்களப்பு டவுன்ல இருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் பாமசி, டியூட்டரி, ஹார்ட்வெயார் கடை, சின்ன ஒபிஸ் எண்டு கன இடத்துல ஒரு மூலையில ஒரு சேர்வர் ஓடிட்டு இருக்கு, ஐப்பசி கார்த்திகையில மழையும் இடியும் தொடங்கினா கரண்ட் போகும், மறுநாள் காலம எனக்கு கோல் வரும், கேக்கிறது எல்லாம் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான். அதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெக்கிறன். கூடுதலா லினக்ஸும் அதுட ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4உம் வெச்சுத்தான் எழுதியிருக்கு, வின்டோஸ் ஆக்களுக்கும் எக்ஸ்எஃப்எஸ் எண்ட வேற ஃபைல் சிஸ்டம் பாவிக்கிற ஆக்களுக்கும் கீழ இருக்கு. கமாண்ட் எல்லாம் போன்ல சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கன், அடிக்கக்குள்ள கெப்பிட்டல் எண்டு சொன்ன எழுத்தத் தவிர மத்ததெல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க.

வாசிக்க முதல் ஒரு விசயம். செக் பண்ணித் திருத்துற எஃப்எஸ்சிகே எண்ட டூல் காப்பாத்துறது ஃபைல் சிஸ்டத்த, அதாவது எந்த ஃபைல் டிஸ்க்ல எங்க இருக்கு எண்ட கணக்க, உங்கட டேட்டாவ இல்ல. கணக்கு வழக்கு ஒழுங்கா வரணும் எண்டதுக்காக ஒரு உடைஞ்ச ஃபைல தூக்கி எறிய வேண்டி வந்தா அது எறியும். கீழ நான் சொல்ற எல்லாமே இதுல இருந்துதான் வருது.

கரண்ட் வந்திட்டு, ஆனா சேர்வர் எழும்புதில்ல. உடனே என்ன செய்யணும்?

முதல்ல சேர்வர்ட ப்ளக்க இழுங்க. நம்மட பக்கம் கரண்ட் போனா ஒரே தரத்துல ஒழுங்கா வாறது குறைவு, வரும், கொஞ்ச நேரத்துல திரும்பப் போகும், மறுகா வரும், வரக்குள்ள வோல்டேஜும் 230ல நிக்காம ஏறி இறங்கும். ரிப்பேர் நடந்துட்டு இருக்கக்குள்ள ரெண்டாந் தரம் கரண்ட் போனா அது முதல் தரம் போனத விட மோசம். அதால அர மணித்தியாலமாவது நிலையா நிக்குதா எண்டு பாருங்க, யூபிஎஸ் சார்ஜ் ஏறட்டும், அதுக்குப் பிறகு ஒன் பண்ணுங்க.

ஒன் பண்ணினதும் ஸ்க்ரீன்ல வாற எழுத்த போன்ல படம் எடுங்க. "ஏதோ எரர் வந்திச்சு அண்ணா" எண்டு சொன்னா யாராலயும் உதவி செய்ய ஏலா, எந்த டிஸ்க், அதுல எந்த பார்ட்டிசன் (டிஸ்க்ல பிரிச்ச பகுதி), என்ன எரர் எண்ட மூண்டும் அந்தப் படத்துல இருக்கும்.

கரண்ட் போனா ஏன் ஃபைல் சிஸ்டம் பழுதாகணும்? டிஸ்க்ல எழுதினது எழுதினதுதானே?

எழுதினதுதான், ஆனா நீங்க "சேவ்" அடிச்ச உடனே அது டிஸ்க்ல எழுதப்படுறதில்ல. லினக்ஸ் முதல்ல ரேம்ல வெச்சிருக்கும், சாதாரண செட்டிங்ல 30 செக்கன் வரைக்கும் கூட வெச்சிருக்கும், அதுக்குப் பிறகுதான் டிஸ்க்குக்கு அனுப்பும், டிஸ்க்கும் தன்ர சொந்த கேஷ்ல கொஞ்சம் வெச்சிருக்கும். ஒரு ஃபைல் எழுதுறது எண்டா ஒரு இடத்துல எழுதுற வேலையும் இல்ல. டேட்டா ஒரு இடம், அந்த ஃபைல்ட விபரம் இருக்கிற ஐநோட் இன்னொரு இடம், எந்த போல்டர்ல இருக்கு எண்டது வேறொரு இடம், டிஸ்க்ல எந்த துண்டு, அதாவது எந்த பிளாக், காலி எண்ட கணக்கு இன்னொரு இடம். இதுல ரெண்டு எழுதி ரெண்டு எழுதாம நிக்கக்குள்ள கரண்ட் போனா கணக்கு ஒண்டோட ஒண்டு ஒத்து வராது.

கரண்ட் எவ்வளவு நேரம் போச்சு எண்டது இதுல முக்கியமில்ல. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கட் இருந்திச்சு, ஆனா கூடுதலா நேர அட்டவணை முன்னயே தெரியும், ஆக்கள் ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிட்டு இருந்த, சேர்வருக்கு பெருசா ஒண்டும் நடக்கல. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்துல குரங்கு ஒண்டு மாட்டி நாடு முழுக்க கரண்ட் போன நேரம் யாருக்கும் முன்ன தெரியாது. அப்பிடி சடார் எண்டு போறதுதான் சேர்வருக்கு ஆபத்து.

எக்ஸ்ட்4ல ஜேர்னல் இருக்கே, அது பாத்துக்கொள்ளாதா?

கன தரம் பாத்துக்கொள்ளும். கடையில பெரிய லெட்ஜர்ல ஏத்துறதுக்கு முன்ன சின்னக் கொப்பியில குறிச்சு வெக்கிற மாதிரி, என்ன மாத்தப் போறன் எண்டத ஜேர்னல்ல முதல் எழுதிட்டுத்தான் உண்மையான இடத்துல எழுதும். கரண்ட் போய் வந்தா ஜேர்னல வாசிச்சு பாதியில நிண்ட வேலைய முடிக்கும். லினக்ஸ்ல இது எக்ஸ்ட்3 வந்த 2001ல இருந்தே இருக்கு, அதுக்கு முன்ன எக்ஸ்ட்2 காலத்துல ஒவ்வொரு தரமும் முழு டிஸ்க்கையும் செக் பண்ணித்தான் ஆகணும். இப்ப கரண்ட் போன பத்து சேர்வர்ல கூடுதலானது ஒரு பிரச்சினையும் இல்லாம எழும்புறதுக்கு ஜேர்னல்தான் காரணம்.

ஆனா சாதாரண செட்டிங்ல ஜேர்னல்ல போறது மெட்டாடேட்டா, அதாவது ஃபைலப் பத்தின விபரம், மட்டுந்தான், ஃபைலுக்குள்ள இருக்கிற உங்கட டேட்டா போறதில்ல. அதோட டிஸ்க் "எழுதிட்டன்" எண்டு பொய் சொன்னா, இல்லாட்டி செக்டர் உண்மையிலயே பழுதானா, இல்லாட்டி வோல்டேஜ் அடிச்ச அடியில தப்பான இடத்துல எழுதியிருந்தா ஜேர்னலால ஒண்டும் செய்ய ஏலா. விலை குறைஞ்ச எஸ்எஸ்டிகள்ல கரண்ட் போனா கையில இருக்கிறத எழுதி முடிக்கிறதுக்குரிய கெப்பாசிட்டர் இல்ல, அதால அதுகள்ல இந்தப் பிரச்சினை கூடுதல்.

கறுப்பு ஸ்க்ரீன்ல இனிட்ராம்எஃப்எஸ் எண்டு வந்து நிக்குது. டிஸ்க் செத்திட்டா?

பயப்பட வேணாம், அனேகமா சாகல. இனிட்ராம்எஃப்எஸ் எண்டது லினக்ஸ் முழுசா எழும்ப முதல் ஓடுற சின்ன சிஸ்டம். உபுண்டு, டெபியன் எழும்பக்குள்ள தானா ஒரு செக் ஓட்டும், ஆபத்தில்லாம திருத்தக் கூடியத மட்டும் திருத்தும், அதுக்கு மேல பெரிய பிரச்சினை எண்டு கண்டா "நான் முடிவெடுக்க மாட்டன், நீங்க வாங்க" எண்டு நிண்டுடும். மேல ஒரு வரி இருக்கும், டிஸ்க் பேர போட்டு "அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டென்சி, ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி" எண்டு. அந்த டிஸ்க் பேர எழுதி வெச்சுக்கொள்ளுங்க, எஸ்டிஏ2 எண்டோ மேப்பர் எண்டு தொடங்கியோ இருக்கும்.

அந்த இடத்துல இருந்தே எஃப்எஸ்சிகே ஓட்டலாம், ரூட், அதாவது சிஸ்டம் இருக்கிற பார்ட்டிசன், இன்னும் மவுண்ட் ஆகல (பாவனைக்கு இணைக்கப்படல), அதால பிரச்சினை இல்ல. ஆனா அதுல முக்கியமான டேட்டா இருந்தா, வேற பேக்கப்பும் இல்லாட்டி, அங்க ஓட்டாதீங்க. ஓஃப் பண்ணிட்டு ஒரு லைவ் யூஎஸ்பியில (இன்ஸ்டோல் பண்ணாமலே லினக்ஸ் ஓடுற யூஎஸ்பி) எழுப்பி கீழ சொல்ற மாதிரி செய்யுங்க.

இனிட்ராம்எஃப்எஸ் இல்ல, எமர்ஜென்சி மோட் எண்டு வந்து ரூட் பாஸ்வேர்ட் கேக்குது.

இதுல பாதிக்குப் பாதி ரூட் டிஸ்க்ல ஒரு பிழையும் இருக்காது. எழும்பக்குள்ள எந்த டிஸ்க்கெல்லாம் மவுண்ட் ஆகணும் எண்டு எழுதியிருக்கிற எஃப்எஸ்டேப் ஃபைல்ல ஒரு வெளி டிஸ்க்க போட்டிருப்பீங்க, பேக்கப் எடுக்கிற யூஎஸ்பி டிஸ்க்கா இருக்கும், கரண்ட் போன நேரம் அது கழண்டோ, செத்தோ, செக்ல பெயிலாகியோ இருக்கும், அது வராததால முழு சேர்வரும் நிக்கும். பாஸ்வேர்ட் அடிச்சு உள்ள போய் ஜேர்னல்சிடிஎல் மைனஸ் எக்ஸ்பி எண்டு அடிச்சா எது பெயில் எண்டு சிவப்புல காட்டும். எஃப்எஸ்டேப்ல அந்த டிஸ்க்ட வரியில நோஃபெயில் எண்ட ஒப்சனைச் சேத்து விட்டா அடுத்த தரம் அந்த டிஸ்க் இல்லாட்டியும் சேர்வர் எழும்பும். ரூட் டிஸ்க்கத் தவிர மத்த எல்லா டிஸ்க்குக்கும் இதப் போடுங்க எண்டுதான் நான் சொல்லுவன்.

சேர்வர் ஓடிட்டு இருக்கக்குள்ளயே எஃப்எஸ்சிகே ஓட்டலாமா? கடைய மூட ஏலா அண்ணா, கஸ்டமர் நிக்கிறாங்க.

ஏலா தம்பி. மவுண்ட் ஆகி எழுதிட்டு இருக்கிற ஃபைல் சிஸ்டத்துல ரிப்பேர் ஓட்டினா, ரேம்ல இருக்கிற கணக்கு ஒண்டு, எஃப்எஸ்சிகே டிஸ்க்ல திருத்துற கணக்கு வேறொண்டு, ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு எழுதி கொஞ்சமா இருந்த பழுத பெரும் பழுதாக்கிடும். அது வார்னிங் போட்டு "உண்மையாவே செய்யவா" எண்டு கேக்கும், அந்த இடத்துல யெஸ் அடிச்சிடாதீங்க. ரூட் பார்ட்டிசன் எண்டா லைவ் யூஎஸ்பியில எழுப்புங்க, இல்லாட்டி எழும்பக்குள்ள வாற க்ரப் மெனுவில கேர்னல் வரியில எஃப்எஸ்சிகே புள்ளி மோட் சமன் ஃபோர்ஸ் எண்டு சேத்து ரீபூட் பண்ணுங்க, மவுண்ட் பண்ண முதல் தானே செக் பண்ணும். கஸ்டமருக்கு கையால பில் எழுதிக் குடுங்க, ஒரு மணித்தியாலம் போனா போகட்டும்.

சரி, லைவ் யூஎஸ்பியில எழுப்பிட்டன். எஃப்எஸ்சிகே அடிக்கவா?

இன்னும் இல்ல. முதல்ல ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் ஏ போட்டு டிஸ்க்ட உடம்பு எப்பிடி எண்டு பாருங்க. வாற லிஸ்ட்ல 5, 197, 198 எண்ட நம்பர் இருக்கிற வரிகள்தான் முக்கியம். 5 எண்டது மாத்தி வெச்ச செக்டர், 197 எண்டது வாசிக்க ஏலாம காத்திருக்கிற செக்டர், 198 திருத்தவே ஏலாதது. 197ல பூச்சியத்த விட கூட இருந்தா, அதுவும் கூடிட்டே போனா, டிஸ்க் உடலளவில சாகுது, அதுல எஃப்எஸ்சிகே ஓட்டினா இருக்கிற கொஞ்ச உயிரையும் அந்த வாசிப்பும் எழுத்தும் குடிச்சிடும்.

199 எண்ட வரியையும் பாருங்க, கேபிள்ல வாற எரர் அது. கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கடற்கரைப் பக்கம் இருக்கிற இடங்கள்ல இத அடிக்கடி காணுறன். உப்புக்காத்து போய் சாட்டா கேபிள்ட உலோகப் பல்லுல பச்சையா பிடிச்சிருக்கும், கண்ணுக்கு கிட்ட வெச்சு டோர்ச் அடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். கரண்ட் போனதால வந்த பிழை எண்டு நினைச்சு ஃபைல் சிஸ்டத்த திரும்பத் திரும்ப ரிப்பேர் பண்ணுவாங்க, அடுத்த கிழமை திரும்ப வரும். புதுக் கேபிள் ஒண்டு போட்டா பிழை நிண்டுடும். 199ட எண்ணிக்கை குறையாது, அது பழைய கணக்கு, ஆனா கூடாம நிண்டா சரி.

அடுத்தது கொப்பி. டிடிரெஸ்க்யூ எண்ட டூலால முழு டிஸ்க்கையும் அதே அளவு, இல்லாட்டி அதை விடப் பெரிய வேற டிஸ்க்குக்கு எடுங்க. மேப் ஃபைல் பேர கட்டாயம் குடுங்க, அப்பத்தான் நடுவில நிண்டாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும், வாசிக்க ஏலாத இடத்த விட்டுட்டு நல்ல இடத்த முதல்ல எடுத்துட்டு மறுகா வந்து பழுது பக்கத்த முயற்சி பண்ணும். கொப்பி முடிஞ்சா ஒறிஜினல கழட்டி வெச்சிட்டு கொப்பியில எஃப்எஸ்சிகே ஓட்டுங்க. ரெண்டு டிஸ்க்கும் ஒரே யூயூஐடியோட (அடையாள நம்பர்) இருக்கும், ரெண்டையும் ஒரே மிசின்ல வெச்சு எழுப்பாதீங்க, எது மவுண்ட் ஆகுது எண்டு தெரியாம போயிடும்.

பேக்கப் நேத்தைக்கு எடுத்தது நல்லா இருக்கு, டிஸ்க்கும் சுகமா இருக்கு எண்டா கொப்பி எடுக்காம போகலாம். ரெண்டுல ஒண்டு இல்லாட்டியும் எடுங்க. வேச்சுவல் மிசின் எண்டா இதவிட லேசு, ஓஃப் பண்ணிட்டு ஒரு ஸ்னெப்சொட் எடுத்தா போதும், ஆனா முதல்ல ஹோஸ்ட்ட, அதாவது அத ஓட்டுற மிசின்ட, ஃபைல் சிஸ்டம் சரியா எண்டு பாத்திட்டுத்தான் உள்ள ஓடுற கெஸ்ட்டத் தொடணும்.

எப்பிடி ஓட்டுறது? எல்லாரும் மைனஸ் வை போடு எண்டு சொல்றாங்க.

மைனஸ் வை எண்டா அது கேக்கிற எல்லாக் கேள்விக்கும் யெஸ் எண்டு கண்ண மூடிட்டு சொல்றது. கொப்பி கையில இருந்தா போடலாம், ஆயிரம் கேள்விக்கு கையால வை அடிச்சிட்டு இருக்க ஏலாதுதான். கொப்பி இல்லாட்டி போடாதீங்க.

முதல்ல மைனஸ் எஃப் மைனஸ் என் போட்டு ஓட்டுங்க. என் எண்டா ஒண்டையும் மாத்தாம பாத்து மட்டும் சொல்லும். ஒரு விசயம், இதுல ஜேர்னல ரீப்ளே பண்ணாமத்தான் பாக்கும், "ஸ்கிப்பிங் ஜேர்னல் ரிக்கவரி" எண்டு மேல வார்னிங் போடும், அதால வாற எரர்ல கொஞ்சம் ஜேர்னல் ஓடினாலே போயிடக் கூடியது. நீளமான லிஸ்ட்ட கண்டு கலங்க வேணாம். ஆனா அதுல ரூட் ஐநோட் பழுது, நூத்துக்கணக்குல ஐநோட் பழுது, ஒரே பிளாக்க பல ஃபைல் சொந்தம் கொண்டாடுது எண்டு வந்தா அது கடுமையான கேஸ், கொப்பி இல்லாம ஒரு அடியும் வெக்காதீங்க.

உண்மையா ரிப்பேர் ஓடக்குள்ள அஞ்சு பாஸ் ஓடும். முதலாவதுல ஐநோட்டும் பிளாக்கும், ரெண்டாவதுல போல்டர் அமைப்பு, மூண்டாவதுல போல்டர் எல்லாம் ரூட்டோட தொடுத்திருக்கா எண்டு, நாலாவதுல எத்தின இடத்துல இருந்து ஒரு ஃபைல காட்டுறாங்க எண்ட எண்ணிக்கை, அஞ்சாவதுல காலி பிளாக் கணக்கு. அஞ்சாவதுல மட்டும் பிழை வந்தா பெருசா யோசிக்க வேணாம், கணக்கு மட்டும் மாறியிருக்கு. முதலாவதுலயும் ரெண்டாவதுலயும் வாறதுதான் உங்கட ஃபைல்கள்.

முடிஞ்சதும் திரும்ப ஒருக்கா மைனஸ் எஃப் போட்டு ஓட்டுங்க. சுத்தமா வரணும். ரெண்டாந் தரமும் புதுசா பிழை வந்தா டிஸ்க்கோ ரேமோ கேபிளோ பழுது, ஃபைல் சிஸ்டத்த நோண்டி வேலையில்ல. எக்சிட் கோட் பாக்கிற ஆக்களுக்கு: 0 பிழை இல்ல, 1 திருத்தியாச்சு, 2 ரீபூட் பண்ணணும், 4 திருத்தாம விட்ட பிழை இருக்கு, 8 ஓட்டுறதுலயே பிழை.

எவ்வளவு நேரம் எடுக்கும்? ரெண்டு மணித்தியாலமா அசையாம நிக்குது.

டிஸ்க் அளவ விட அதுல எத்தின ஃபைல் இருக்கு எண்டதுதான் நேரத்த தீர்மானிக்கும். லெட்சக்கணக்குல சின்னச் சின்ன படம் இருக்கிற டிஸ்க் சரியான நேரம் எடுக்கும். மைனஸ் கெப்பிட்டல் சி 0 போட்டு தொடங்கினா எத்தின வீதம் போயிருக்கு எண்டு காட்டும். டிஸ்க் லைட் மின்னிட்டு இருந்தா விட்டுடுங்க, ரிப்பேர் நடக்கக்குள்ள ஓஃப் பண்ணாதீங்க. ஆனா டிஎம்இஎஸ்ஜி எண்டு அடிச்சா வாற கேர்னல் மெசேஜ்ல ஐஓ எரர் வரிசையா வந்திட்டு இருந்தா அது நிக்கிறதுக்குக் காரணம் டிஸ்க் வாசிக்க ஏலாம திணறுறது, கொன்ட்ரோல் சி அடிச்சு நிப்பாட்டிட்டு டிடிரெஸ்க்யூ பக்கம் போங்க.

"பேட் மெஜிக் நம்பர் இன் சூப்பர் பிளாக்" எண்டு வருது. எல்லாம் போச்சா?

சூப்பர் பிளாக் எண்டது ஃபைல் சிஸ்டத்துட அளவு, அமைப்பு எல்லாம் எழுதியிருக்கிற இடம். முதல்ல சரியான பார்ட்டிசனத்தான் குடுத்தீங்களா எண்டு பாருங்க. எஸ்டிஏ2 எண்டு அடிக்க வேண்டிய இடத்துல எஸ்டிஏ எண்டு முழு டிஸ்க்கையும் அடிச்சா இதே எரர்தான் வரும், கனபேருக்கு பிரச்சினை இவ்வளவுதான். எல்எஸ்பிஎல்கே மைனஸ் எஃப் போட்டா எது எந்த ஃபைல் சிஸ்டம் எண்டு காட்டும், எல்விஎம் (பார்ட்டிசனுக்கு மேல இன்னொரு அடுக்கா டிஸ்க்க பிரிக்கிற முறை) எண்டா விஜிசேஞ்ச் மைனஸ் ஏ வை போட்டு எழுப்பின பிறகுதான் உள்ள இருக்கிறது தெரியும்.

பார்ட்டிசன் சரிதான், சூப்பர் பிளாக்தான் பழுது எண்டா அதுக்கு கொப்பி டிஸ்க்லயே பல இடத்துல இருக்கு. 4 கேபி பிளாக் எண்டா முதல் கொப்பி 32768ல இருக்கும், ஈ2எஃப்எஸ்சிகே மைனஸ் பி 32768 எண்டு குடுங்க. அது சரிவராட்டி அடுத்தது 98304. எம்கேஈ2எஃப்எஸ் மைனஸ் என் எண்டு போட்டு இடங்களப் பாக்கலாம், ஆனா அந்த மைனஸ் என் இல்லாம அடிச்சா உண்மையாவே ஃபோர்மட் பண்ணிடும், எண்டர் அடிக்க முதல் ரெண்டு தரம் வாசிங்க. எனக்கு டம்ப்ஈ2எஃப்எஸ்தான் விருப்பம், அது வாசிக்க மட்டுந்தான் செய்யும், ஆனா சூப்பர் பிளாக் மோசமா போயிருந்தா அதால வாசிக்க ஏலா.

ரிப்பேர் முடிஞ்சிட்டு, ஆனா ஃபைல் கனக்க காணல்ல. லாஸ்ட்+ஃபவுண்ட் போல்டர்ல நம்பர் நம்பரா கிடக்குது.

அத அழிக்காதீங்க, உங்கட ஃபைல்கள்தான் அது. பேரும் இடமும் தொலைஞ்சு போன ஃபைல எஃப்எஸ்சிகே அதுக்குள்ள #131074 எண்ட மாதிரி ஐநோட் நம்பரோட போடும். எப்பிடி தேடுறது எண்டு ஒரு கேஸ வெச்சே சொல்றன்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாமசி, பில்லிங் டேட்டாபேஸ்ட ராத்திரி டம்ப் (டேட்டாபேஸ்ட கொப்பி ஃபைல்) எல்லாம் இருந்த போல்டர் ரிப்பேருக்குப் பிறகு காணல்ல. லாஸ்ட்+ஃபவுண்ட்ட திறந்தா நம்பர் பேரோட பெரிய லிஸ்ட். முதல்ல பாக்க வேண்டியது அதுக்குள்ள எது போல்டர் எண்டு, எல்எஸ் மைனஸ் எல்ல முதல் எழுத்து டி எண்டு இருக்கிறது. அப்பிடி ஒண்டு இருந்திச்சு, உள்ள போனா திகதி போட்ட டம்ப் ஃபைல் எல்லாம் அதேட சொந்தப் பேரோட வரிசையா இருக்கு. ஒரு போல்டர்ட பேர் இருக்கிறது அதுக்கு மேல இருக்கிற போல்டர்ல, ஆனா உள்ள இருக்கிற ஃபைல்கள்ட பேர் இருக்கிறது அந்த போல்டருக்குள்ளயே. மேல் போல்டர் உடைஞ்சதால இதுட பேர் மட்டுந்தான் போனது. எம்வி போட்டு பழைய இடத்துக்கு நகத்தினதோட வேலை முடிஞ்சுது.

போல்டர் இல்லாம தனி ஃபைலா கிடந்தா ஃபைல் எண்டே ஒரு கமாண்ட் இருக்கு, அது உள்ளடக்கத்தப் பாத்து இது ஜேபெக், இது பிடிஎஃப், இது எஸ்கியூலைட் எண்டு சொல்லும். அளவால அடுக்குங்க, திருத்தின திகதியால அடுக்குங்க. டெக்ஸ்ட் ஃபைல் எண்டா உள்ள கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு சொல்ல, கடைப் பேரையோ டேபிள் பேரையோ க்ரெப்ல தேடுங்க. ஆறுதலா செய்ய வேண்டிய வேலை இது. கிடைச்ச ஒவ்வொரு ஃபைலையும் திறந்து கடைசி வரைக்கும் இருக்கா எண்டு பாருங்க, அளவு சரியா இருந்தும் நடுவில பூச்சியமா நிரம்பி இருக்கலாம்.

எங்கட சேர்வர் ரொக்கி லினக்ஸ். எஃப்எஸ்சிகே அடிச்சா ஒரு செக்கன்ல முடியுது, பிழையே இல்லயா?

பிழை இல்ல எண்டு அர்த்தமில்ல. ரெட்ஹெட் 7 வந்த 2014ல இருந்து அந்தக் குடும்பத்துக்கு எக்ஸ்எஃப்எஸ்தான் டீபோல்ட், எக்ஸ்எஃப்எஸ்ல எஃப்எஸ்சிகே ஒண்டுமே செய்யாது. எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் எண்ட டூல்தான் வேலை செய்யும். முதல்ல ஒருக்கா மவுண்ட் பண்ணி அன்மவுண்ட் பண்ணுங்க, மவுண்ட் ஆகக்குள்ள லொக் (எக்ஸ்எஃப்எஸ்ட ஜேர்னல்) ரீப்ளே ஆகும், அதுக்குப் பிறகு எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் மைனஸ் என் போட்டு பாருங்க, மறுகா ரிப்பேர்.

மவுண்ட் ஆகவே மாட்டன் எண்டா ரிப்பேரும் லொக்க காரணம் காட்டி மறுக்கும், மைனஸ் கெப்பிட்டல் எல் போடு எண்டு அதுவே சொல்லும். அந்த எல் லொக்க அழிக்கும், கரண்ட் போக முதல் கடைசியா செஞ்ச மாற்றங்கள் அதுலதான் இருக்கு. வேற வழியே இல்ல, கொப்பியும் எடுத்தாச்சு எண்டா மட்டும் போடுங்க.

பிடிஆர்எஃப்எஸ் எண்ட ஃபைல் சிஸ்டம் பாவிக்கிற ஆக்கள் செக் ரிப்பேர் எண்ட ஒப்சனுக்குப் போகவே வேணாம், ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணி டேட்டாவ வெளிய எடுங்க, மவுண்ட் ஒழுங்கா ஆகுது எண்டா ஸ்க்ரப் (டேட்டா எல்லாத்தையும் வாசிச்சு சரிபாக்கிறது) ஓட்டுங்க. இசட்எஃப்எஸ்ல எஃப்எஸ்சிகேயே இல்ல, அங்கயும் ஸ்க்ரப்தான்.

வின்டோஸ் சேர்வர்ல?

செக்டிஸ்க். முதல்ல ஸ்லேஷ் ஸ்கேன் போட்டா ஓடிட்டு இருக்கக்குள்ளயே பாக்கும், பிழை இருந்தா ஸ்லேஷ் எஃப். சி டிரைவ் எண்டா அடுத்த ரீபூட்ல ஓட்டவா எண்டு கேக்கும், வை அடிங்க. ஸ்லேஷ் ஆர் முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டரா வாசிக்கும், பெரிய டிஸ்க்ல ஒரு ராத்திரி போகும், சாகிற டிஸ்க்ல ஓட்டினா கெதியா சாகும். லாஸ்ட்+ஃபவுண்ட் மாதிரி இங்க ஃபவுண்ட் புள்ளி 000 எண்ட மறைஞ்ச போல்டர் வரும். ரிசல்ட் ஸ்க்ரீன்ல ஓடி மறைஞ்சிடும், இவென்ட் வியூவர்ல எப்ளிகேசன் லொக்ல வின்இனிட் எண்டு தேடினா கிடைக்கும்.

எங்களிட்ட ரெய்ட் இருக்கு, அதால எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லத்தானே?

ரெய்ட், அதாவது பல டிஸ்க்க ஒண்டா சேத்து ஓட்டுறது, ஒரு டிஸ்க் செத்தா காப்பாத்தும். ஃபைல் சிஸ்டம் குழம்பினா அந்தக் குழப்பத்த ரெண்டு டிஸ்க்லயும் ஒழுங்கா எழுதி வெக்கும். கரண்ட் போய் வந்த பிறகு ப்ரொக்குக்குள்ள எம்டிஸ்டெட் ஃபைலப் பாருங்க, ரீசிங்க் (டிஸ்க்குகள ஒண்டுக்கொண்டு சமனாக்கிறது) ஓடிட்டு இருந்தா முடிய விடுங்க, அதுக்குப் பிறகு எம்டி0 எண்ட டிவைஸ்ல எஃப்எஸ்சிகே ஓட்டுங்க. எஸ்டிஏ1, எஸ்டிபி1 எண்டு தனித்தனி டிஸ்க்ல ஓட்டவே கூடாது, ஒண்டுல திருத்தி மத்ததுல திருத்தாம ரெண்டும் வேற வேறயாகிடும். ஹார்ட்வெயார் ரெய்ட் கார்ட் எண்டா அதுட பெட்டரிய பாருங்க, அது செத்த நிலையில, டிஸ்க்ல எழுத முதல் கார்ட்லயே வெச்சிருக்கிற ரைட் பேக் கேஷ கட்டாயப்படுத்தி ஒன் பண்ணி வெச்சிருந்தா கரண்ட் போற ஒவ்வொரு தரமும் கேஷ்ல இருந்தது போகும்.

ஃபைல் சிஸ்டம் சுத்தம், ஆனா மைஎஸ்கியூஎல் எழும்புதில்ல.

மைஎஸ்கியூஎல் டேபிள்கள வெச்சிருக்கிற இன்னோடிபி எண்ட எஞ்சின் தன்ர லொக்க வாசிச்சு தானே திருத்திக்கொள்ளும், கொஞ்சம் நேரம் எடுக்கும், எரர் லொக்க பாத்திட்டு இருங்க, நடுவில கில் பண்ணாதீங்க. "லொக் ஃபைல அழிச்சா சரியாகும்" எண்டு யாரும் சொன்னா கேக்காதீங்க, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல பிஜி_வால் போல்டரும் அப்பிடித்தான், முன்ன அதுட பேர் பிஜி_எக்ஸ்லொக், அந்தப் பேரக் கண்டு வெறும் லொக் எண்டு நினைச்சு அழிச்சு டேட்டாபேஸே போன இடங்கள் இருக்கு.

தானா எழும்பாட்டி டேட்டா போல்டர முழுசா கொப்பி எடுத்திட்டு இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரிக்கவரி எண்ட செட்டிங்க 1ல தொடங்குங்க, சரிவராட்டி 2, 3 எண்டு கூட்டுங்க. எழும்பினா உடனே டம்ப் எடுத்து புது டேட்டாபேஸ்ல ஏத்துங்க, அந்த செட்டிங்லயே கடை நடத்தாதீங்க. 4க்கோ அதுக்கு மேலயோ போனா அதுவே டேட்டாவ நிரந்தரமா பழுதாக்கலாம். பழைய பில்லிங் சொப்ட்வெயார்ல மைஐசாம் எண்ட பழைய வகை டேபிள் இருந்தா அதுக்கு ஜேர்னலும் இல்ல ஒண்டும் இல்ல, ரிப்பேர் டேபிள் ஓட்டிட்டு ஏலுமெண்டா இன்னோடிபிக்கு மாத்துங்க.

எழும்பினதும் கரண்ட் போன நாள்ட கடைசி பில்லு நம்பர கடதாசி பில்லோட ஒப்பிட்டுப் பாருங்க. விடுபட்டத அன்டைக்கே ஏத்துங்க.

டிஸ்க் டிக் டிக் எண்டு சத்தம் போடுது, பயோஸ்ல ஒருக்கா காட்டுது ஒருக்கா காட்டுதில்ல.

ஓஃப் பண்ணுங்க, திரும்ப ஒன் பண்ணாதீங்க. இதுல சொன்ன ஒண்டையும் செய்யாதீங்க. டேட்டா பெறுமதியானது எண்டா கொழும்புல டிஸ்க் திறந்து பாக்கிற வசதியோட இருக்கிற டேட்டா ரிக்கவரி ஆக்களிட்ட குடுங்க. வீட்டுல திறக்கிறதும், ஃப்ரிட்ஜ்ல வெக்கிறதும், தட்டுறதும் அவங்களுக்கும் ஏலாத நிலைக்குக் கொண்டு போய்விடும்.

யூபிஎஸ் இருந்தும் சேர்வர் விழுந்திட்டு நானா, என்னத்துக்கு அதுக்கு காசு குடுத்த?

முக்கால்வாசி இடத்துல ரெண்டு காரணம். ஒண்டு, பெட்டரி செத்திருக்கும். சின்ன யூபிஎஸ்ல இருக்கிற லெட் எசிட் பெட்டரி 3 தொடக்கம் 5 வருசம் போகும் எண்டது 25 பாகை வெப்பத்துல, அதுக்கு மேல ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகும். தகரக் கூரைக்குக் கீழ, காத்து வராத மூலையில, மேசைக்கு அடியில பெட்டியளுக்கு நடுவில வெச்சிருக்கிற யூபிஎஸ் எவ்வளவு காலம் தாங்கும் எண்டு கணக்குப் பாருங்க. சில இடத்துல திறந்து பாத்தா பெட்டரி ஊதி வெளிய எடுக்கவே ஏலாம இறுகியிருக்கும், முன்னால பச்ச லைட் மட்டும் எரிஞ்சிட்டே இருக்கும்.

ரெண்டாவது, யூபிஎஸ் சேர்வருக்கு ஒண்டும் சொல்றதில்ல. பெட்டரி பத்து நிமிசம் தாங்கி முடிஞ்சா அதுவும் சடார் எண்டுதான் போகும். யூபிஎஸ்ல இருந்து சேர்வருக்கு ஒரு யூஎஸ்பி கேபிள் போட்டு நட் எண்ட சொப்ட்வெயார போட்டீங்க எண்டா, பெட்டரி குறைஞ்சதும் சேர்வர் தானா ஒழுங்கா ஷட்டவுன் ஆகும். வாங்கக்குள்ளயே யூஎஸ்பி போர்ட் இருக்கா எண்டு பாத்து வாங்குங்க, கூடப் போற காசு ஒரு தரம் டேட்டா ரிக்கவரிக்குக் குடுக்கிறதுட கிட்டவும் வராது. அதோட பயோஸ்ல கரண்ட் வந்ததும் தானா ஒன் ஆகிற செட்டிங்க ஓஃப்ல வைங்க, ஆள் போய் அமத்தக் கூடிய இடம் எண்டா. அப்ப கரண்ட் வந்து போய் விளையாடுற நேரத்துல சேர்வர் எழும்பி விழுந்திட்டு இருக்காது.

எல்லாம் போட்ட பிறகு ஒரு பின்னேரம் கடை மூடினதும் பேக்கப் எடுத்திட்டு, யூபிஎஸ்ட ப்ளக்க சுவர்ல இருந்து இழுத்துப் போட்டு பக்கத்துல இருந்து பாருங்க, சேர்வர் தானா ஷட்டவுன் ஆகுதா எண்டு. மழைக்கு முன்ன ஒருக்கா, புரட்டாசியிலயே.